வண்ண அட்டை வள்ளல்

கோயில் எடுத்தவரை ஊர் மறவாது. குளம் தொட்டவரையும் மறவாது. பழஞ்சுவடிகளைத் தேடிக் காத்தவரைப் புலவர் போற்றுவர். ஆனால், கடைக்காரர் விலையின்றிக் கொடுத்த விளம்பரத் தாளையும், பிறர் ஒரு நொடி நோக்கிவிட்டுக் குப்பையில் எறிந்த சிறு அட்டையையும் வாழ்நாள் முழுவதும் தேடித் திரட்டிய ஒருவரை உலகம் எவ்வாறு நோக்கும்? வேலையற்றவர் என்று இகழும். அன்றேல் பித்தர் என்று நகைக்கும். அத்தகைய ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜெபர்சன் பர்டிக். அவர் செல்வர் அல்லர், பேராசிரியரும் அல்லர், மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உழைத்த எளிய தொழிலாளி. எனினும், நியூயார்க்கு நகரில் உள்ள மெட்ரோபாலிட்டன் கலைப் பொருட்காட்சிசாலை அவர் கொடுத்த அட்டைகளைத் தன் செல்வங்களுள் ஒன்றாக இன்றும் பேணி வருகின்றது. அவ்வட்டைகளை அவர் எங்ஙனம் சேர்த்தார், எத்துணைத் துன்பத்துக்கிடையே அவற்றை ஒழுங்கு செய்து முடித்தார் என்பதே அவருடைய வரலாறு.

பர்டிக் 1900ஆம் ஆண்டில், நியூயார்க்கு மாநிலத்தைச் சேர்ந்த சென்ட்ரல் ஸ்குவேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் சிறுவராய் இருந்த நாளில் சிகரெட்டுப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வண்ணப்பட அட்டை வைத்து விற்பது வழக்கம். மெல்லிய தாளால் ஆன பெட்டி நசுங்காமல் இருக்கும் பொருட்டு முதலில் வெற்று அட்டை ஒன்றை வைத்தனர். பின்னர், அவ்வட்டையிலேயே படம் அச்சிட்டால் அது விளம்பரமாகவும் ஆகும் என்று வணிகர் கண்டுகொண்டனர். பந்தாட்ட வீரர், பறவை, விலங்கு, கொடி, கப்பல் எனப் படங்கள் வரிசை வரிசையாக வெளிவந்தன. ஒரு வரிசையை முழுமையாகச் சேர்த்துவிட வேண்டும் என்னும் ஆவல் சிறுவர் உள்ளத்தில் தீயெனப் பற்றியது. பெட்டி வாங்கும் பெரியவர்களிடம் அவர்கள் கெஞ்சியும் கொஞ்சியும் அட்டைகளைப் பெற்றனர். பத்து வயதுச் சிறுவனாகிய பர்டிக்கும் அவர்களுள் ஒருவன். ஏனைய சிறுவர்கள் வளர்ந்தனர், அட்டைகளை மறந்தனர். பர்டிக் வளர்ந்தார், அட்டைகளை மறக்கவில்லை. அவருக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு இவ்வளவே.

சிரக்யூஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின்னர், அந்நகரிலேயே மின்கருவித் தொழிற்சாலையில் அவர் வேலையில் அமர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாடகை அறையில் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். பகலெல்லாம் கருவிகளின் பகுதிகளைப் பொருத்துவார். மாலையில் அறைக்குத் திரும்பி, அஞ்சலில் வந்த அட்டைகளைப் பிரித்து மேசைமேல் பரப்பிப் பார்ப்பார். ஊதியத்தில் மிஞ்சிய பணம் அட்டைகளுக்கே சென்றது.

சிகரெட்டு அட்டைகளில் தொடங்கிய அவர் ஆர்வம் அவற்றோடு நிற்கவில்லை. அவற்றுக்கும் முந்தியனவாகிய வணிகரின் விளம்பர அட்டைகளை நோக்கி அது விரிந்தது. இவ்வட்டைகளின் கதையை இங்கே சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

தாம் விற்கும் பொருளையும் கடை இருக்கும் தெருவையும் ஒரு தாளில் அச்சிட்டு வாடிக்கையாளர்க்குக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக இருந்துவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் கடைக்காரர்கள் அழகிய செப்புத்தகட்டு அச்சில் இத்தகைய சீட்டுகளை வெளியிட்டனர். அவற்றைத் திரட்டியவர்களுள் சாரா சோபியா பாங்க்ஸ் என்னும் பெருமாட்டி முதன்மையானவர். அவர் 1818ஆம் ஆண்டில் மறைந்த பிறகு அவர் திரட்டியவை பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையை அடைந்தன. ஆனால், அச்சீட்டுகள் கருமை நிறம் ஒன்றையே உடையவை. வண்ணம் வந்தது விக்டோரியா அரசியார் காலத்தில்தான்.

அவ்வரசியார் 1837 முதல் 1901 வரை ஆட்சி புரிந்தார். அவர் அரியணை ஏறிய அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் எங்கெல்மான் என்பார் கல்லச்சின் வாயிலாகப் பல வண்ணப் படங்கள் அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவர். பின் கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் அச்சு மையை ஏற்காது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே இக்கலைக்கு அடிப்படை. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். ஒரு படத்தில் பத்து வண்ணம் இருப்பின் பத்துக் கற்கள் வேண்டும். ஒரே தாள் பத்து முறையும் சிறிதும் இடம் பிசகாமல் கல்லின்மேல் பதிய வேண்டும். உழைப்பு மிகுதியாயினும், ஒருமுறை கற்களை அமைத்துவிட்டால் பல்லாயிரம் படிகளை மலிவாக எடுத்துவிடலாம். பிரெஸ்லா நகரில் பிறந்து 1850ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குடியேறிய லூயி பிராங்கு என்பார் பாஸ்டன் நகரில் இக்கலையைப் பெரிதும் வளர்த்தார்.

1876ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அங்கே வணிகர்கள் வண்ண அட்டைகளை வாரி வழங்கினர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வட்டைகளின் பொற்காலம். நூல் விற்பவர், சோப்பு விற்பவர், காப்பி விற்பவர், தையற்பொறி விற்பவர், மருந்து விற்பவர் ஆகிய எல்லோரும் அட்டை கொடுத்தனர். முன்புறத்தில் படம்; பின்புறத்தில் சரக்கின் புகழ். சிறு கடைக்காரர்க்குத் தனியே படம் வரைவிக்கப் பொருள் ஏது? அவர்களுக்காக அச்சகத்தார் பூவும் குழந்தையும் பூனையும் வரைந்த பொதுவான அட்டைகளை அச்சிட்டு, ஓரத்தில் சிறிது இடம் விட்டு விற்றனர். அவ்விடத்தில் கடைக்காரர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். ஆதலின், ஓர் ஊரில் காலணிக் கடை கொடுத்த அதே பூனை, மற்றோர் ஊரில் இறைச்சிக் கடையின் பெயரைத் தாங்கி நிற்பதைக் காணலாம்.

அந்நாளில் வீட்டுச் சுவர்களில் வண்ணப்படங்கள் அரியவை. செய்தித்தாள்களில் வண்ணம் இல்லை. எனவே, கடைக்குச் சென்ற தாய் கொணரும் அட்டைக்காகக் குழந்தைகள் வாயிலில் காத்திருந்தனர். குளிர்கால மாலைகளில் பெண்களும் குழந்தைகளும் விளக்கருகே அமர்ந்து, தடித்த ஏடுகளில் அவற்றை ஒட்டி மகிழ்ந்தனர். கோதுமைப் பசைகொண்டு ஒட்டியதால் பின்புறத்துச் செய்திகள் பல அழிந்தன. எனினும், அவ்வேடுகளே பெரும்பாலான அட்டைகளை அழியாமல் காத்தன என்பதையும் மறத்தலாகாது. ஒட்டாத அட்டைகள் அடுப்புக்கும் குப்பைக்கும் இரையாயின.

இவ்வட்டைகளில் வரலாற்று ஆசிரியர்க்கு வேண்டுவது யாது? சரக்கின் புகழ் அன்று. படத்தில் நிற்கும் மாந்தரின் உடையே ஆகும். அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய உடைகளைப் பெட்டியில் வைத்துக் காத்துப் பொருட்காட்சிசாலைக்கு அளிப்பார் உளர். சமையற்கட்டில் நிற்கும் பெண்ணின் உடையையும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் தொப்பியையும், கடையில் நூல் அளக்கும் பணியாளரின் கழுத்துப்பட்டையையும் காப்பார் யார்? அவை கிழியும் வரையில் உடுக்கப்பட்டுக் கந்தலாயின. அவற்றின் வடிவத்தை வண்ணத்தோடு காட்டும் சான்றுகளுள் விளம்பர அட்டை தலையாயது.

பெண்களின் உடை அந்நாளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வடிவம் மாறியது. 1870ஐ அடுத்த ஆண்டுகளில் பாவாடையின் பின்புறம் திரண்டு உயர்ந்திருந்தது. உள்ளே கம்பியாலும் குதிரைமயிராலும் செய்த தாங்கி ஒன்றைக் கட்டித் துணியை அதன்மேல் மடித்துத் தொங்கவிட்டனர். அதனைப் பசில் என்பர். 1876க்குப் பின் அத்தாங்கி மறைந்தது; உடை உடலை ஒட்டி இறங்கி, முழங்கால் அருகே குறுகிற்று. பெண்கள் விரைந்து நடக்கவும் இயலாமல் இடர்ப்பட்டனர். 1883ஐ ஒட்டித் தாங்கி மீண்டும் வந்தது. இம்முறை அது முன்னினும் கூர்மையாக, முதுகுக்குக் கீழே ஒரு பலகையைப் பொருத்தியதுபோல நீண்டு நின்றது. 1890 அளவில் அதுவும் ஒழிந்தது. 1895ஆம் ஆண்டையொட்டி அழகெல்லாம் தோளுக்கு ஏறிற்று. சட்டையின் கைகள் தோளருகே பெரும் பந்துபோல் உப்பின. இம்முறையை அறிந்தவர் ஓர் அட்டையைக் கையில் எடுத்த அளவில், இஃது ஏறத்தாழ எந்த ஆண்டினது என்று கூறிவிடுவர்.

எனினும், இதில் ஏமாற்றமும் உண்டு. பொதுவான அட்டைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டனர்; ஆதலால் படம் பழையதாயும் கடைப்பெயர் புதியதாயும் இருக்கலாம். இங்கிலாந்தில் கேட் கிரீனவே என்னும் ஓவியர் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை நூல் பெரும்புகழ் பெற்றது. அவர் வரைந்த குழந்தைகள் தம் காலத்து உடையை உடுக்கவில்லை. பாட்டன் பாட்டியர் காலத்து உடையை ஒத்த நீண்ட அங்கியையும் பெரிய தொப்பியையும் அணிந்திருந்தனர். அவரைப் பின்பற்றி வரைந்த அட்டைகளை நம்பி, அக்காலத்துக் குழந்தைகள் எல்லோரும் அவ்வாறே உடுத்தினர் என்று முடிவு செய்தல் தவறாகும். ஓர் அட்டை மட்டும் கண்டவர் ஏமாறுவர். ஆயிரம் அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்ப்பவர் அத்துணை எளிதில் ஏமாறார். பர்டிக் போன்றோரின் உழைப்பு பயன்பட்டது இங்கேதான்.

உடையை விற்கும் அட்டைகளும் மிகப்பல. பெண்கள் இடையை இறுக்கிக் கட்டிய கச்சுகளுக்குத் திமிங்கிலத்தின் வாயில் உள்ள நெகிழும் தகடுகளைப் பயன்படுத்தினர். அவற்றின் விலை ஏறவே, வார்னர் நிறுவனத்தார் செடியின் நாரைக்கொண்டு கச்சு செய்து, அதன் சிறப்பை அட்டைகளில் பரப்பினர். தையல்நூல் விற்ற வில்லிமான்டிக் நிறுவனத்தார் ஓர் அட்டையில் ஜம்போ என்னும் யானையைத் தம் நூலால் கட்டி இழுப்பதாகப் படம் வரைந்தனர். அந்த யானை 1882ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டது. நூலின் வலிமையைக் கூற இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆலன் கின்டர் என்னும் சிகரெட்டு நிறுவனத்தார் 1889ஆம் ஆண்டில் அக்கால விசிறிகளையே பொருளாகக் கொண்டு ஐம்பது அட்டைகள் வெளியிட்டனர். குடை ஏந்தி நிற்கும் மகளிரைக் காட்டும் வரிசை ஒன்றும் அவர்களுடையதே.

இவ்வட்டைகள் எல்லாம் இனிமையானவை என்று கூறின் அது பொய்யாகும். செல்லுலாய்டு என்னும் புதுப்பொருளால் செய்த கழுத்துப்பட்டைகளை விற்றவர்கள், அவற்றை வெளுக்கப் போட வேண்டுவதில்லை, நீரால் துடைத்தாற் போதும் என்று விளம்பரம் செய்தனர். அதனோடு நில்லாமல், அமெரிக்காவில் துணிவெளுக்கும் தொழில் செய்து பிழைத்த சீனர்கள் வேலை இழந்து ஓடுவதாக வரைந்து நகைத்தனர். சீனத் தொழிலாளர் அந்நாட்டுக்குள் வருவதையே 1882ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தடுத்தது. சட்டம் செய்த கொடுமையை அட்டை வேடிக்கையாக்கியது. நீக்ரோ மக்களையும் இவ்வாறே இழிவுபடுத்தி வரைந்த அட்டைகள் பலவாகும். சேர்ப்பவர் அழகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை எறிந்திருந்தால் அக்காலத்தைப் பற்றிய நம் அறிவு பாதியாகவே இருந்திருக்கும். ஒரு காலத்தார் எதைக்கண்டு சிரித்தனர் என்பதும் வரலாறன்றோ?

1885ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதழ்களுக்கு உரிய அஞ்சற் கட்டணத்தை ஒரு பவுண்டு எடைக்கு ஒரு சென்ட்டாகக் குறைத்தது. மலிவான திங்களிதழ்கள் வீடுதோறும் சென்றன. வணிகர் விளம்பரங்களும் அவற்றோடு சென்றன. புதிய நூற்றாண்டு பிறந்தபோது விளம்பர அட்டைகளின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பர்டிக் பிறந்ததும் அப்பொழுதுதான். தாம் காணாத காலத்தின் அட்டைகளையே அவர் தேடினார் என்க.

பலர் அட்டைகளைச் சேர்த்தனர். ஆயினும் ஒருவர் சேர்ப்பது மற்றொருவர்க்குத் தெரியாது. எந்த நிறுவனம் எத்தனை வரிசைகளை வெளியிட்டது, ஒரு வரிசையில் எத்தனை அட்டைகள் உள்ளன என்று கூறும் நூல் எதுவும் இல்லை. எல்லை தெரியாத காட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே அலைந்தனர். பர்டிக் இக்குறையைப் போக்க முனைந்தார். 1937ஆம் ஆண்டில் அட்டை சேர்ப்போர்க்கெனச் சிறு இதழ் ஒன்றைத் தொடங்கினார். பல ஊர்களிலும் இருந்த ஆர்வலர் தம்மிடம் உள்ளவற்றின் விவரங்களை எழுதி அனுப்பினர். அவற்றை ஒப்புநோக்கி 1939ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். பின்னர் அது திருத்தியும் விரித்தும் அமெரிக்க அட்டைப் பட்டியல் என்னும் பெயரால் 1946, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தது.

அப்பட்டியலில் அவர் அமைத்த முறை எளிமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை நிறுவனங்களின் அட்டைகளுக்கு 'என்' என்னும் எழுத்து. இருபதாம் நூற்றாண்டினவற்றுக்கு 'டி'. வணிகரின் பழைய விளம்பர அட்டைகளுக்கு 'எச்'. எழுத்தை அடுத்து வரிசைக்கு ஓர் எண். இவ்வளவே. ஆயினும், இன்றும் அட்டை சேர்ப்போர் அவ்வெழுத்தையும் எண்ணையும் கூறியே பேசுகின்றனர். டி-206 என்று அவர் குறித்த வரிசையைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் என்னும் பந்தாட்ட வீரரின் அட்டை ஒன்று 2022ஆம் ஆண்டில் எழுபத்திரண்டு இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. பர்டிக்கின் பட்டியலில் பெரும்பாலான அட்டைகளின் விலை சில சென்ட்டுகளே. பொருளீட்டும் நோக்கம் அவருக்கு இருந்ததில்லை.

இவ்வாறு பணிகள் நடந்துவந்த காலத்திலேயே அவர் உடலை ஒரு கொடிய நோய் பற்றியிருந்தது. முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே மூட்டுவாதம் தொடங்கிற்று. அது மெல்ல மெல்லப் பரவியது. விரல்கள் வீங்கி முடங்கின, முதுகு வளைந்தது. கருவிப் பகுதிகளைப் பொருத்தும் தொழிலும், மெல்லிய அட்டைகளை எடுத்து ஒட்டும் விருப்பமும் ஆகிய இரண்டும் விரல்களையே நம்பியவை. நோய் தாக்கியதும் அவ்விரல்களையே.

தமக்குப்பின் இவ்வட்டைகளின் கதி யாது என்னும் கவலை அவரைப் பற்றியது. மனைவி மக்கள் இல்லை. ஏலத்துக்கு விட்டால் ஆளுக்கு ஒரு பிடியாகப் பிரித்துச் செல்வர்; முப்பது ஆண்டு உழைப்பும் சிதறிப்போகும். எனவே, 1947ஆம் ஆண்டில் அவர் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலையை நாடினார். இரெம்பிராண்டின் ஓவியங்களும் எகிப்திய மன்னர்களின் சிலைகளும் இருக்கும் அக்கூடத்தில் சோப்பு அட்டைக்கு இடம் கிடைக்குமா? அச்சுப்படப் பிரிவின் தலைவராக இருந்த ஹையாட் மேயர் என்பார் பரந்த நோக்கினர். மக்கள் நாள்தோறும் கண்ட அச்சுப்படங்களும் அச்சுக்கலையின் வரலாற்றில் அடங்கும் என்று அவர் கருதினார். மேலும், அதற்கு முந்திய ஆண்டாகிய 1946இல்தான் உடைகளுக்கென இருந்த தனிக் கூடம் ஒன்று மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலையோடு இணைக்கப்பட்டது. பழைய உடைகளை ஆராய்வோர்க்கு இவ்வட்டைகள் உற்ற துணையாகும்.

ஆனால், மலைபோல் குவிந்த அட்டைகளைப் பிரித்து வகைப்படுத்த அங்கே ஆள் இல்லை. ஒழுங்குபடுத்தாத அட்டைகள் எத்தனை இலட்சம் இருப்பினும் ஆராய்வார்க்குப் பயன்படா. ஆதலால், அப்பணியையும் பர்டிக்கே ஏற்றுக்கொண்டார். கொடுப்பவர் கொடுத்துவிட்டு அகல்வது உலக வழக்கு. இவரோ கொடுத்த பொருளுக்குத் தாமே ஊழியர் ஆனார்.

அட்டைகள் சிரக்யூசிலிருந்து பகுதி பகுதியாக வந்தன. அவற்றின் தொகை மூன்று இலட்சத்து ஆறாயிரத்துக்கும் மேல். பந்தாட்ட வீரர்களின் அட்டைகள் மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. விளம்பர அட்டைகள், அஞ்சலட்டைகள், வாழ்த்து அட்டைகள், சுருட்டில் சுற்றிய வண்ணத் தாள்கள் என எஞ்சியவை பலவகை. நாளொன்றுக்கு நூறு அட்டைகளை வகைபிரித்து ஏட்டில் ஒட்டினாலும் மூவாயிரம் நாள் வேண்டும். நோயாளி ஒருவர்க்கு அத்தனை நாள்கள் உண்டு என்று யார் உறுதி கூற முடியும்?

முதலில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நியூயார்க்குக்கு வந்து பணி செய்தார். 1959ஆம் ஆண்டில் தொழிற்சாலை வேலையை விட்டு நியூயார்க்கு நகருக்கே குடிவந்தார். பொருட்காட்சிசாலையின் அச்சுப்படப் பிரிவில் அவருக்கென ஒரு மேசை இடப்பட்டது. நாள்தோறும் அங்கு வந்து அமர்வார். ஒரு வரிசையின் அட்டைகளை எண் முறைப்படி அடுக்குவார். குறைபவை எவை என்று பட்டியலோடு ஒப்பிடுவார். ஏட்டின் பக்கத்தில் அமைத்துப் பார்த்துப் பின் ஒட்டுவார். இக்காலக் காப்பாளர்கள் பசையை விரும்புவதில்லை. தாளுக்குப் பசை தீங்கு செய்யும் என்றும், பின்புறச் செய்தி மறையும் என்றும் கூறுவர். அக்கூற்று உண்மையே. பழங்காலத்து வீட்டுப் பெண்கள் செய்த அதே பிழையை அவரும் செய்தார் எனலாம். எனினும், ஒட்டாமல் விட்டிருந்தால் மூன்று இலட்சம் சிறு தாள்கள் எத்தனை ஒழுங்காக நமக்குக் கிடைத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் ஒருவரே பணி செய்தார் எனினும் நண்பர்கள் அவரை மறக்கவில்லை. அட்டை சேர்ப்போர் சிலர் தம்மிடம் மிகுதியாக இருந்தவற்றை அவருக்கு அனுப்பிக் குறைந்த இடங்களை நிரப்பினர். நாள் செல்லச் செல்ல நோய் முற்றியது. பணி முடியுமுன் தாம் வீழ்ந்துவிடக் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். முடங்கிய விரல்களால் அட்டையை நகர்த்தினார். வளைந்த முதுகோடு மேசைமேல் குனிந்தார். ஒரு பக்கம் அட்டைகளின் குவியல் குறைந்தது. மற்றொரு பக்கம் அவர் வலிமை குறைந்தது. எது முந்தும் என்பதே அவ்வாண்டுகளில் எஞ்சிய வினா.

1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10ஆம் நாள். அன்று மாலை கடைசி அட்டையை அவர் ஏட்டில் ஒட்டினார். மேசையை விட்டு எழுந்தார். மடங்காத கைகளை மேலங்கிக்குள் நுழைக்க உடலை வளைத்தும் திருப்பியும் பெரிதும் முயன்றார். அங்கியை அணிந்தபின், தாம் இனி அங்கு வரப்போவதில்லை என்று கூறி, உடன் இருந்தோரிடம் விடைபெற்றுச் சென்றார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு திங்கள் கழிந்து, மார்ச்சு 13ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் ஒட்டிய ஏடுகள் நூற்றுக்கணக்கானவை. அவை பொருட்காட்சிசாலையில் உள்ளன. ஒளி பட்டால் வண்ணம் மங்கும் ஆதலின், ஒரு சமயத்தில் சில அட்டைகளையே எடுத்துக் காட்சிக்கு வைத்துச் சில திங்களில் மாற்றுகின்றனர். பல அட்டைகளை நிழற்படமாக்கி, உலகின் எம்மூலையில் இருப்பவரும் கணினி வாயிலாகக் காணும்படி செய்துள்ளனர். அரங்கில் பழங்கால நாடகம் நடிப்போர்க்கு உடை தைப்பவர், அப்படங்களில் கையின் மடிப்பும் தொப்பியின் நாடாவும் எப்படி அமைந்தன என்று நோக்கலாம். விளம்பரத்தின் வரலாற்றை ஆராயும் மாணவர், ஒரே பூனை எத்தனை கடைகளுக்கு உழைத்தது என்று எண்ணலாம். 1889ஆம் ஆண்டில் சிகரெட்டுப் பெட்டிக்குள் பிறந்த மங்கை ஒருத்தி, தன் விசிறியை இன்னும் மடக்காமல், பர்டிக் வைத்த இடத்திலேயே நிற்கின்றாள்.